கல்லெண்ணெயின் கதை – 6: நாற்பத்திரண்டு கேலன்

சென்ற இதழில், கல்லெண்ணெய் தேடித் துளையிட்ட எட்வின் டிரேக்கின் கிணற்றை 69.5 அடி ஆழத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1859 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு என்பதால் வேலை கிடையாது. ஆனாலும் துளையிடும் வேலையைப் பார்த்துவந்த கொல்லர் வில்லியம் ஸ்மித்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரார் ‘பில்லி மாமா’ என்று அழைத்த அந்த மனிதர் கிணற்றை எட்டிப் பார்க்கப் போனார். குழாய்க்குள் கருப்பாக ஏதோ மிதந்தது. திங்கட்கிழமை டிரேக் வந்து சேர்ந்தபோது தொட்டி, முகம் கழுவும் பேசின், பீப்பாய் என்று கைக்கு அகப்பட்ட எல்லாவற்றிலும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் காவலுக்கு நின்றிருந்தார்கள்.

டைட்டஸ்வில் என்ற அந்தச் சின்ன ஊரின் அடுத்த பத்தாண்டுத் தலைவலி அந்தத் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. எண்ணெய் வந்துவிட்டது. எதில் ஊற்றி வைப்பது? எதில் அளந்து விற்பது? இன்று நாளிதழின் வணிகப் பக்கத்தில் ‘கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு இத்தனை டாலர்’ என்று படிக்கிறோமே, அந்தப் பீப்பாய் 158.987 லிட்டர். நூறு இல்லை, நூற்றைம்பது இல்லை, இருநூறும் இல்லை. யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்காத எண்ணாகத் தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் ஒரு வழக்கு, ஒரு பேரம், ஒரு உடன்பாடு இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அதற்குத்தான்.

மேற்குப் பென்சில்வேனியா விஸ்கி காய்ச்சிய பூமி. ஆகவே முதலில் கிடைத்தவை விஸ்கிப் பீப்பாய்கள். அவை தீர்ந்ததும் பீர், சைடர், கற்பூரத்தைலம், உப்பு, மீன் என்று எதை எதையோ சுமந்த பீப்பாய்களெல்லாம் ஆயில் கிரீக் ஓடைக்கரைக்கு வந்து குவிந்தன. ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவில்லை. விலையாவது நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1861 ஜனவரியில் பீப்பாய்க்குப் பத்து டாலர் விற்றது. பீறிட்டு அடிக்கும் கிணறுகள் அடுத்தடுத்துத் திறந்ததும் அதே ஆண்டு இறுதியில் பத்து சென்ட்டுக்கு விழுந்தது. ஒரு காலிப் பீப்பாய் வாங்க இரண்டு மூன்று டாலர் வேண்டும். உள்ளே இருக்கும் சரக்கைவிட மரப் பாத்திரம் இருபது முப்பது மடங்கு விலை! பாத்திரம் கிடைக்காமல் ஓடையில் வழிந்துபோன எண்ணெய்க்குக் கணக்கே இல்லை.

அந்தப் பாத்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எண்ணெய்ப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக் மரம்தான் ஆகும். செவ்வோக் மரத்தின் நுண்குழல்கள் திறந்தே கிடக்கும். வெள்ளை ஓக்கில் அவை இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் திரவம் எளிதில் ஊடுருவாது. மரத்தைப் பிளந்து, உலர்த்தி, நடுவில் அகலமாகவும் இரு முனையில் குறுகலாகவும் பலகைகளைச் செதுக்குவார்கள். வட்டமாக நிறுத்தி, நடுவில் நெருப்பு மூட்டிச் சூடேற்றி வளைத்து, இரும்புப் பட்டையை அடித்து இறக்குவார்கள். பலகையின் உள்முனையில் ஒரு காடி வெட்டி, அதில் வட்ட மூடியைப் பொருத்துவார்கள். ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. மரம் மரத்தை நெருக்குவதால் மட்டுமே நிற்கிற கட்டுமானம். வயிறு புடைத்திருப்பதால், முந்நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள நிறை பீப்பாயைக்கூட ஒரே ஆள் உருட்டிக்கொண்டு போய் நினைத்த இடத்தில் திருப்பிவிட முடியும்.

விஸ்கிக்கும் ஒயினுக்கும் இது போதும். அவற்றில் உள்ள நீர் மரத்தை ஊறவைத்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். கல்லெண்ணெய் மரத்தை ஊறவைப்பதில்லை. அதனால் பலகைக்குப் பலகை கசிந்தது. காய்ச்சிய வச்சிரப் பசையை உள்ளே ஊற்றி, உருட்டி, பூசிப் பார்த்தார்கள். பசை எண்ணெயில் கரையாது என்பது சரிதான். ஆனால் கிணற்றிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்புநீர் அதைக் கரைத்துவிட்டது. போதாததற்கு வெயில், வண்டிக் குலுக்கல், ஆவியாதல். கிணற்றடியில் நிறைந்திருந்த பீப்பாய் பிட்ஸ்பர்க் போய்ச் சேரும்போது தலை குறைந்திருக்கும்.

போகும் வழியும் அப்படிப்பட்டது. மாட்டுவண்டிக்காரர்களைப் போல அங்கே குதிரை வண்டிக்காரர்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள் எண்ணெயும் மழையும் குழைந்த சேற்றில் அச்சு முறிந்து நின்றன. ஐந்து மைல் தூரத்துக்குப் பீப்பாய்க்கு மூன்று டாலர் வரை கூலி கேட்டார்கள். இன்னொரு வழி ஓடை. மேலே மில் அணைகளில் நீரைத் தேக்கி வைத்து, குறித்த நாளில் ஒரேயடியாகத் திறந்துவிடுவார்கள். அந்தச் செயற்கை வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் ஆயில் சிட்டியை நோக்கி விரையும். ஒரு படகு குறுக்கே மாட்டினால் பின்னால் வருபவை எல்லாம் மோதி நொறுங்கும். எண்ணெய் ஆற்றோடு போகும்.

வாங்குகிறவன் நிலையில் நின்று பாருங்கள். ‘நூறு பீப்பாய்’ என்று சொல்லிப் பணம் கொடுத்தாயிற்று. வந்தவற்றில் பாதி பெரியது, பாதி சிறியது. எல்லாமே கொஞ்சம் காலி. சண்டை வராமல் என்ன செய்யும்? அளப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பீப்பாய் வயிற்றின் நடுவே தக்கை அடைத்த துளை ஒன்று இருக்கும். தக்கையைப் பிடுங்கி, அளவு குறித்த கோலைச் சாய்வாக உள்ளே நுழைத்து, மூடியும் அடிப்பலகையும் சந்திக்கிற மூலையில் முட்டவைப்பார்கள். அந்தச் சாய்நீளத்தை வைத்தே பீப்பாய் எத்தனை கேலன் கொள்ளும் என்று கோல் சொல்லிவிடும். துறைமுகச் சுங்கக்காரர்கள் நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை இது. ஆனால் விற்பவனின் கோலும் வாங்குபவனின் கோலும் ஒரே எண்ணைச் சொன்னால்தானே வியாபாரம்?

1866 ஆகஸ்டில் ஆயில் கிரீக் பகுதியின் எண்ணெய்க் கிணற்று முதலாளிகள் சிலர் டைட்டஸ்வில்லில் கூடினார்கள். அளவைப் பற்றிக் கவலைப்படாமல் பீப்பாய்க் கணக்கில் விற்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கேடு என்று ஒப்புக்கொண்டார்கள். இனி கேலன் கணக்கில்தான் விற்பது என்று தீர்மானித்தார்கள். அதோடு இன்னொரு வரியும் சேர்த்தார்கள்: அளக்கும் ஒவ்வொரு நாற்பது கேலனுக்கும் இரண்டு கேலன் வாங்குபவருக்குச் சலுகையாக விட்டுக்கொடுப்பது.

காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை தருவார்களே, அந்த மாதிரிதான். கசிவும் ஆவியும் மண்டியும் தின்னக்கூடியதை விற்பவரே முன்கூட்டித் தந்துவிடுவது. நாற்பதும் இரண்டும் நாற்பத்திரண்டு. இன்றைய கணக்கில் 151.4 லிட்டருக்கு விலை வாங்கிக்கொண்டு 7.6 லிட்டர் இனாம். உலகமே விலை பேசும் அலகுக்குள் அந்தக் கொசுறு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. எண்ணெய்ச் சரித்திரத்தில் ஏமாற்றும் அடாவடியும் வேண்டிய மட்டும் வரப்போகின்றன. வரும் அத்தியாயங்களில் ராக்ஃபெல்லரைப் பார்க்கத்தான் போகிறோம். அதனால்தான் இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. அரசாங்க உத்தரவு இல்லை, நீதிமன்றம் இல்லை. போட்டியாளர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து, வாங்குகிறவன் நம்ப வேண்டும் என்பதற்காகத் தங்கள் சரக்கிலிருந்து இருபதில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள்.

நாற்பத்திரண்டு என்பது அவர்களுக்குப் புதிய எண்ணும் அல்ல. பழைய ஆங்கிலேய ஒயின் வணிகத்தில் 252 கேலன் கொண்டது ‘டன்’ என்ற பெரும்பீப்பாய். அதில் பாதி 126 கேலன், ‘பைப்’. பைப்பில் மூன்றில் ஒரு பங்கு 42 கேலன், அதுதான் ‘டியர்ஸ்’. மீனும் வெல்லப்பாகும் திமிங்கில எண்ணெயும் அந்த அளவில் கப்பலேறிக்கொண்டிருந்தன. பீப்பாய் செய்பவரின் கைக்கும், உருட்டும் ஆளின் தோளுக்கும் பழகிய அளவு. 1872இல் பெட்ரோலிய உற்பத்தியாளர் சங்கம் 42 கேலனை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 1882இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையும் தன் புள்ளிவிவரங்களில் அதையே கைக்கொண்டது.

இனி கேலனுக்கு வருவோம். லிட்டர் கணக்கின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

லண்டனில் ஒயினுக்கு வரி வசூலிப்பதில் எது கேலன் என்று பெரிய தகராறு. ஒரு கேலன் பாத்திரம் ஒரு அளவு, இன்னொன்று வேறு அளவு. கடைசியில் 1707இல், ஆன் அரசியின் காலத்தில், சட்டம் போட்டுத் தீர்த்தார்கள். 7 அங்குல விட்டமும் 6 அங்குல உயரமும் கொண்ட உருளை, அல்லது 231 கன அங்குலம் கொள்ளும் எந்தப் பாத்திரமும், ஒயின் கேலன். பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆரம் மூன்றரை, அதன் வர்க்கம் 12.25, உயரம் 6, பெருக்க 22/7. சரியாக 231 வரும். பை என்பது துல்லியமாக 22/7 அல்ல. உண்மை மதிப்பைப் போட்டால் 230.9தான். பள்ளிப் பிள்ளைகள் போடும் அந்தத் தோராயம் ஒரு நாட்டின் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, இன்று ஒவ்வொரு பீப்பாய் கச்சா எண்ணெய்க்குள்ளும் இருக்கிறது.

1824இல் பிரிட்டன் மனம் மாறியது. பத்து பவுண்டு தண்ணீர் கொள்ளும் அளவை இம்பீரியல் கேலன் என்று அறிவித்துப் பழையதைக் கைவிட்டது. அமெரிக்கா அப்போது தனி நாடு. ஆன் அரசியின் கேலனையே வைத்துக்கொண்டது. அதனால் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர் என்று இரண்டு கேலன்கள் உலவலாயின. நாம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் நம் பெரியவர்கள் பெட்ரோல் வாங்கியது இம்பீரியல் கேலனில். அந்தக் கணக்கில் எண்ணெய்ப் பீப்பாய் ஏறத்தாழ 35 கேலன். பழைய புத்தகங்களில் 35 என்றும் 42 என்றும் மாறி மாறிப் படித்துக் குழம்பியவர்களுக்கு விடை இதுதான். இரண்டும் ஒரே பீப்பாய்.

லிட்டரோடு முடிச்சு விழுந்தது 1959இல். அமெரிக்காவும் பிரிட்டனும் மற்ற ஆங்கிலம் பேசும் நாடுகளும் ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று உடன்பட்டன. அந்தக் கணக்கில் 231 கன அங்குலம் என்பது 3.785411784 லிட்டர். அதை 42ஆல் பெருக்கினால் 158.987294928 லிட்டர். அதற்கு மேல் தசமம் இல்லை. இது அளந்து பார்த்துச் சொன்ன எண் அல்ல, உடன்பாடுகளைப் பெருக்கி வந்த எண்.

அன்றாடத்துக்கு 159 போதும். பீப்பாய் 80 டாலர் என்று செய்தி வந்தால் 159ஆல் வகுங்கள்: லிட்டருக்கு அரை டாலர் சொச்சம். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டர் சுமார் 43 ரூபாய். பெட்ரோல் பங்கில் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் கப்பல் கூலி, சுத்திகரிப்பு, வரி, டீலர் கமிஷன் எல்லாம். பெட்ரோல் விலையைப் பற்றி வாதிடும் எவரும் முதலில் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், 6.29 பீப்பாய் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்த அறிக்கையையும் படித்துவிடலாம்.

சரி, அந்த மரப் பீப்பாய் என்ன ஆனது? வேடிக்கை என்னவென்றால், அளவு நிலைப்படத் தொடங்கியபோதே பாத்திரம் மறையத் தொடங்கிவிட்டது. டைட்டஸ்வில் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டிலேயே, 1865இல், சாமுவேல் வான் சிக்கல் என்பவர் பிட்ஹோல் எண்ணெய் வயலிலிருந்து ரயில்பாதை வரை ஐந்து மைலுக்கு மேல் இரண்டு அங்குலக் குழாய் பதித்துவிட்டார். நாளைக்கு இரண்டாயிரம் பீப்பாய் எண்ணெய் அதில் ஓடியது. பிழைப்புப் போன வண்டிக்காரர்கள் குழாயைப் பெயர்த்து எறிந்தார்கள். துப்பாக்கியோடு காவல் போட வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜேம்ஸ், ஏமஸ் டென்ஸ்மோர் என்ற சகோதரர்கள் தட்டை ரயில் பெட்டியின் மேல் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிறுத்தி எண்ணெயை மொத்தமாக அனுப்பிக் காட்டினார்கள். (இதே ஜேம்ஸ் டென்ஸ்மோர்தான் பின்னால் ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சுப் பொறிக்குப் பணம் போட்டு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்.) பீப்பாய் வேலையைக் கடைசியாக உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ராக்ஃபெல்லர். ஓக் காடுகளை வாங்கி, காட்டிலேயே மரத்தைச் சூளையில் உலர்த்தி எடை குறைத்து, சொந்தப் பட்டறையில் பீப்பாய் செய்து, இரண்டரை டாலர் அடக்கவிலையை ஒரு டாலருக்குக் கீழே இறக்கினார்.

நம்மில் பலர் ‘எண்ணெய்ப் பீப்பாய்’ என்றதும் மனக்கண்ணில் காண்பது, கட்டட வேலை நடக்கிற இடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் இரும்பு டிரம்மை. அது வேறு. அது 55 அமெரிக்க கேலன், அதாவது 208 லிட்டர். அதன் பின்னால் நெல்லி பிளை என்ற பெண்மணி இருக்கிறார். 72 நாளில் உலகைச் சுற்றி வந்த பத்திரிகையாளர். அந்தப் பயணத்தில் 1889 டிசம்பரில் அடுத்த கப்பலுக்காகக் கொழும்பில் சில நாட்கள் காத்துக் கிடந்தவர். பின்னாளில் கணவரின் இரும்புப் பாத்திரத் தொழிற்சாலையை அவரே நடத்தினார். 1905இல் அங்கே பணியாற்றிய ஹென்றி வேர்ஹான் இரும்பு டிரம்முக்கு வாங்கிய காப்புரிமைகள் நெல்லி பிளையின் பெயருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. கசியாத பாத்திரம் கடைசியில் கிடைத்தேவிட்டது. ஆனால் விலை பேசும் அளவு பழைய 42இலேயே நின்றுவிட்டது. இன்று கச்சா எண்ணெய் அந்த டிரம்மிலும் போவதில்லை; குழாயிலும் கப்பலின் வயிற்றிலும் போகிறது. பீப்பாய் என்பது ஏட்டில் மட்டும்.

ஏட்டில் மட்டும் என்பதால் ஒரு வசதியும் வந்தது. குழாய்க் கம்பெனிகள் தங்கள் தொட்டியில் வாங்கி வைத்த எண்ணெய்க்குச் சான்றிதழ் கொடுத்தன, ஆயிரம் பீப்பாய்க்கு ஒன்று. எண்ணெயைக் கண்ணால் பாராமலே ஆயில் சிட்டியில் அதைக் கைமாற்றிச் சூதாடினார்கள். 1983இல் நியூயார்க்கில் தொடங்கிய கச்சா எண்ணெய் முன்பேர வணிகத்திலும் ஒரு ஒப்பந்தம் ஆயிரம் பீப்பாய்தான், 1,58,987 லிட்டர். 2020 ஏப்ரல் 20 அன்று அந்த ஏட்டுப் பீப்பாய்க்குத் திடீரென்று பாத்திரம் தேவைப்பட்டது. கொரோனாவால் வாங்குவார் இல்லை. சரக்கு கைமாற வேண்டிய ஒக்லஹோமாவின் குஷிங்கில் தொட்டிகளில் இடமில்லை. ஒப்பந்தம் முடிய ஒரு நாளே இருந்ததால், கையில் வைத்திருந்தவர்கள் எண்ணெயை எடுத்துக்கொள்ளப் பீப்பாய்க்கு 37.63 டாலர் தாங்களே கொடுக்க முன்வந்தார்கள். விலை சூன்யத்துக்குக் கீழே போனது. 1861இல் ஓடைக்கரையில் நடந்த அதே சங்கதி.

அளவில் இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. எண்ணெய் சூட்டில் விரியும். 15 டிகிரியில் 159 லிட்டர் இருக்கும் கச்சா எண்ணெய் நம் ஊர் 35 டிகிரியில் இரண்டு, இரண்டரை லிட்டர் கூடிவிடும். அதனால் பீப்பாய்க்கு வெப்பநிலையும் உண்டு. அமெரிக்காவில் 60 டிகிரி ஃபாரன்ஹீட். லிட்டரில் கணக்கு வைக்கும் நாடுகளில் 15 டிகிரி செல்சியஸ். பங்கில் டேங்கர் லாரி வந்து நின்றதும் கவனித்துப் பாருங்கள். டிப் ராடு விட்டு உயரம் பார்த்த கையோடு, ஒரு ஜாடியில் மாதிரி எடுத்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் மிதக்கவிட்டு அடர்த்தியைக் குறிப்பார்கள். அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றி எழுதுவார்கள். தக்கைத் துளையில் கோல் விட்டவர்களின் அதே வேலை, இன்னும் நேர்த்தியாக.

எடையில் கணக்கு வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இந்தியாவும் ரஷ்யாவும் எண்ணெயை டன்னில் எழுதுவது வழக்கம். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவனமாகத் தொடங்கிய நம் மணலி ஆலையின் இன்றைய திறன் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன். லிட்டருக்கு 0.86 கிலோ எடையுள்ள எண்ணெய் என்றால் ஒரு டன் 1,163 லிட்டர், அதாவது 7.3 பீப்பாய். அந்தக் கணக்கில் மணலி நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் பீப்பாய் காய்ச்ச வல்லது. எண்ணெய் கனமானால் டன்னுக்குப் பீப்பாய் குறையும், லேசானால் கூடும். சுத்திகரிப்பிலும் அப்படித்தான். 42 கேலன் கச்சா எண்ணெய் உள்ளே போனால் அமெரிக்க ஆலைகளில் சுமார் 45 கேலன் பொருள்கள் வெளியே வருகின்றன. எடை கூடவில்லை. கனத்த மூலக்கூறுகளை உடைத்து லேசானவையாக்குவதால் பருமன் கூடுகிறது.

ஆசியாவுக்கு வந்த அமெரிக்க மண்ணெண்ணெய் மட்டும் பெரும்பாலும் இந்தப் பீப்பாயில் வரவில்லை. ஐந்து கேலன் தகர டின் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். எண்ணெய் தீர்ந்ததும் அந்த டின் தண்ணீர் சுமந்தது, அரிசி காத்தது, வெட்டி விரித்தால் கூரையும் ஆனது. 1892இல் மார்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வணிகர் அந்த டின் வியாபாரத்தை முறியடிக்க, டின்னே இல்லாமல் ஒரு கப்பல் நிறைய மண்ணெண்ணெயை அப்படியே ஊற்றி சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். கப்பலின் பெயர் மியூரெக்ஸ். அதில் ஏறித்தான் அடுத்த இதழுக்குப் போகிறோம்.

(தொடரும்)